கம்பியில்லா ஃபிளாஷ் டிரிகர்கள்: பொருத்தமும் நம்பகமும்

கேமராவின் தலையில் பொருத்திய ஃபிளாஷின் ஒளி முகத்தில் நேராக விழுந்து அதன் மேடுபள்ளங்களை மறைத்துவிடுவதால், ஒளியைப் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ கொண்டுவர விரும்பும் ஒளிப்படக் கலைஞர் ஃபிளாஷைக் கழற்றித் தனி ஸ்டாண்டில் நிறுத்துகிறார். அவ்வாறு பிரிந்து நிற்கும் ஃபிளாஷுக்கு ஷட்டர் திறக்கும் கணத்தை வானலை வழியாக அறிவிக்கும் சிறு கருவியே டிரிகர் எனப்படுகிறது. கேமராவின் மேல் அமர்ந்து செய்தியை அனுப்பும் பகுதி டிரான்ஸ்மிட்டர் என்றும், ஃபிளாஷின் அடியில் மாட்டப்பட்டோ அதனுள்ளேயே அமைந்தோ செய்தியைப் பெறும் பகுதி ரிசீவர் என்றும் வழங்கப்படுகின்றன. கேனன், நிக்கான், சோனி ஆகிய கேமரா நிறுவனங்களின் சொந்தக் கருவிகளைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் கோடாக்ஸ், யோங்நுவோ முதலிய பிற நிறுவனங்களின் டிரிகர்கள் கிடைப்பதால், இந்தியத் திருமண ஒளிப்படத் தொழில் பெரும்பாலும் இவற்றையே சார்ந்திருக்கிறது. இவற்றை நம்பித் தொழிலில் இறங்குவோர் எதனுடன் எது சேரும், எப்போது கைவிடும், கைவிட்டால் எங்கே தேடவேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். புனே நகரின் கிழக்குப் பகுதியில், ஹடப்சரை ஒட்டி அமைந்த மகர்பட்டா நகரியத்தைக் களமாக வைத்து இந்த அத்தியாயம் அவற்றை விளக்குகிறது.

1. டிரிகர் சுமந்து செல்லும் மூவகைச் செய்திகள்

டிரிகர் அனுப்பும் செய்தியை மூன்று படிகளாகப் பிரித்துக்கொண்டால் பின்வரும் பிரிவுகள் அனைத்தும் எளிதில் விளங்கும். முதற்படியில் ‘இப்போது எரி’ என்னும் ஒற்றைக் கட்டளை மட்டுமே செல்கிறது. ஒளியின் அளவைக் கலைஞரே ஃபிளாஷின் பின்புறம் சென்று 1/1, 1/2, 1/4 என்று வைத்துக்கொள்கிறார். இரண்டாம் படியில் அந்தக் கட்டளையோடு ஒளியின் அளவும் செல்வதால், ஸ்டாண்டில் உயரத்தில் நிற்கும் ஃபிளாஷை இறக்காமல் கேமராவிலிருந்தே கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. மூன்றாம் படியில் டிடிஎல் முறையும் எச்எஸ்எஸ் முறையும் சேர்கின்றன. டிடிஎல் என்பது, ஷட்டர் திறப்பதற்குச் சற்றுமுன் ஃபிளாஷ் ஒரு மெல்லிய முன்னொளியை வீச, அது திரும்பிவரும் அளவைக் கேமரா லென்ஸ் வழியே அளந்து, தேவையான ஒளியைத் தானே கணக்கிட்டுச் சொல்லும் முறையாகும். எச்எஸ்எஸ் என்பது, மிக வேகமான ஷட்டரிலும் ஒளி படம் முழுவதும் பரவுமாறு ஃபிளாஷ் ஒரே வீச்சாக எரியாமல் இடைவிடாத நுண்துடிப்புகளாக எரியும் முறையாகும்.

முதற்படியில் கேமரா தருவது ஒரு மின்னிணைப்பின் மூடலை மட்டுமே என்பதால் எந்த நிறுவனத்தின் கேமராவும் எந்த நிறுவனத்தின் டிரிகருடனும் பெரும்பாலும் ஒத்துப்போகும். மூன்றாம் படியிலோ கேமராவும் ஃபிளாஷும் தங்களுக்குள் நடத்தும் எண்ணியல் உரையாடலை டிரிகர் இடைமறித்து, தன் வானலை வடிவுக்கு மாற்றி, மறுமுனையில் மீண்டும் பழைய வடிவுக்குக் கொண்டுவரவேண்டியிருக்கிறது. கேமரா நிறுவனங்கள் இந்த உரையாடலின் விதிகளை வெளியிடுவதில்லையாதலால் பிற நிறுவனங்கள் அதனை ஆய்ந்தறிந்தே தம் கருவிகளை உருவாக்குகின்றன. கேமராவின் புதிய மாடலோ, அதனை இயக்கும் உள்மென்பொருளான ஃபார்ம்வேரின் புதிய பதிப்போ வந்து உரையாடலில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தாலும் பழைய டிரிகர் தடுமாறக்கூடும். செய்தியின் பாரம் கூடக்கூடப் பொருத்தமும் நம்பகமும் சிக்கலாகின்றன. ஆகவே எடுக்கப்போகும் படத்துக்குத் தேவையான மிகக் குறைந்த செய்தி எதுவோ அதனைத் தேர்வதே இத்துறையின் முதல் விதி.

2. ஹாட் ஷூ: பொருத்தம் தொடங்கும் இடம்

கேமராவின் மேலுள்ள உலோகத் தாங்கி ஹாட் ஷூ எனப்படுகிறது. அதன் நடுவிலுள்ள பெரிய புள்ளி ஃபிளாஷை எரியச் செய்வதற்கானது. அதனைச் சூழ்ந்துள்ள சிறு புள்ளிகள் டிடிஎல் உரையாடலுக்கானவை, அவற்றின் இடமும் எண்ணிக்கையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். கேனனுக்கான டிரிகரை நிக்கானில் மாட்டினால் நடுப்புள்ளி மட்டும் ஒத்து, பெரும்பாலும் வெறும் எரிகட்டளை மட்டுமே செல்லும் என்பதோடு, பொருந்தாப் புள்ளிகள் தவறாகத் தொடுவதற்கும் இடமுண்டு என்பதால் அத்தகைய சேர்க்கையைத் தவிர்ப்பதே நல்லது. சோனி 2012ஆம் ஆண்டில் மல்டி இன்டர்ஃபேஸ் ஷூ என்னும் புதிய தாங்கிக்கு மாறியது. அதன் நுண்ணிய தொடுபுள்ளிகள் தாங்கியின் முன்பக்க விளிம்பின்கீழ் ஒளிந்திருப்பதால், டிரிகர் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கினாலும் உரையாடல் அறுந்துவிடுகிறது. சோனியில் டிரிகர் விட்டுவிட்டு வேலைசெய்தால் முதலில் ஐயுறவேண்டியது அதன் இருக்கையையே.

தொடக்கநிலைக் கேமராக்களில் வேறொரு பொறி உண்டு. கேனன் 2018இல் வெளியிட்ட இஓஎஸ் 3000டி, 2019இல் வெளியிட்ட இஓஎஸ் 200டி-யின் இரண்டாம் பதிப்பு ஆகியவற்றின் ஹாட் ஷூவில் நடுப்புள்ளியே இல்லை. ஆகவே நடுப்புள்ளியை மட்டும் நம்பும் எளிய டிரிகர்கள் இக்கேமராக்களில் ஒருபோதும் இயங்கா. கேனனின் உரையாடலைப் புரிந்துகொள்ளும் டிரிகரே தேவைப்படும். இவ்விரு மாடல்களையும் இந்தியாவில் மாணவர்களும் தொழிலுக்குப் புதியவர்களும் நிறைய வாங்கியிருப்பதால், மலிவான டிரிகரை வாங்கியபின் கேமராவே பழுதென்று எண்ணி மனமுடைவோர் உண்டு. தாங்கியைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கினால் இந்த இழப்பு நேராது.

பழைய ஃபிளாஷ்களைப் பயன்படுத்துவோர் டிரிகர் மின்னழுத்தத்தையும் கவனிக்கவேண்டும். ஃபிலிம் காலத்து ஃபிளாஷ்கள் சிலவற்றின் அடிப்புள்ளியில் 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் இருப்பதுண்டு. அவற்றை ரிசீவரில் மாட்டினால் அந்த அழுத்தத்தைக் கேமராவுக்குப் பதில் ரிசீவரே தாங்குகிறது. ரிசீவரின் கையேட்டில் குறித்துள்ள உச்ச அளவைப் பார்த்த பிறகே மாட்டவேண்டும்.

3. ஒரே குடும்பம் என்னும் விதி

இரு டிரிகர்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன என்பதால் மட்டும் அவை ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் என்று கருதலாகாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் செய்தியைத் தனக்கேயுரிய வடிவில் அடுக்குகிறது. சீனாவின் ஷென்ஜென் நகரைச் சேர்ந்த யோங்நுவோவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அதன் ஆர்எஃப்-602இல் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் தனித்தனிக் கருவிகள். அடுத்து வந்த ஆர்எஃப்-603இல் ஒரே கருவி இரு வேலைகளையும் செய்தது, ஆனால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. டிடிஎல் வசதிகொண்ட ஒய்என்-622 வரிசை தனிவழியில் சென்றது. கேனன் தன் சொந்த ரேடியோ முறையை 600இஎக்ஸ்-ஆர்டி ஃபிளாஷ் வாயிலாக 2012இல் அறிமுகப்படுத்தியபின், அம்முறையையே பின்பற்றும் ஒய்என்-இ3-ஆர்டி என்னும் டிரான்ஸ்மிட்டரையும் யோங்நுவோ வெளியிட்டது. அது கேனனின் ரேடியோ ஃபிளாஷ்களுடன் சேரும், 622 வரிசையுடன் சேராது. ஒரே நிறுவனப் பெயரின்கீழ் இத்தனை கிளைகள் இருப்பதால், பெயரைப் பார்த்து வாங்காமல் வரிசையைப் பார்த்து வாங்கவேண்டும்.

1993இல் ஷென்ஜெனில் தொடங்கப்பட்ட கோடாக்ஸ் இதற்கு மாறாக எக்ஸ் என்னும் ஒரே ரேடியோ முறையைத் தன் சிறு ஃபிளாஷ்களிலும் பெரிய ஸ்டுடியோ விளக்குகளிலும் உள்ளேயே அமைத்தது. ரிசீவர் உள்ளேயே இருப்பதால் தனி ரிசீவரின் பேட்டரியும் தளர்ந்த இருக்கையும் பிரச்சினையாவதில்லை. மேலும், கேமராவின்மேல் அமரும் டிரான்ஸ்மிட்டர் மட்டுமே கேமரா நிறுவனத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். தொலைவில் ரிசீவராக நிற்கும் ஃபிளாஷின் அடிப்பகுதி எந்த நிறுவனத்துக்கானது என்பது பெரும்பாலும் பொருட்டாவதில்லை. முதன்மைக் கலைஞர் நிக்கானும் துணைக் கலைஞர் சோனியும் பயன்படுத்தும் திருமணக் குழுவில், ஆளுக்கொரு டிரான்ஸ்மிட்டர் மட்டும் வாங்கி விளக்குகளைப் பொதுவாக வைத்துக்கொள்ள இது வழிசெய்கிறது. ஃபார்ம்வேர் பழையதாயின் சில சேர்க்கைகள் முழுமையாக இயங்காமற்போகலாம் என்பதால், குழுவிலுள்ள எல்லாக் கருவிகளின் ஃபார்ம்வேரையும் ஒரே நாளில் புதுப்பித்து, மறுநாள் ஒத்திகை பார்த்து, அதன்பின்னரே வேலைக்கு எடுத்துச் செல்வது முறை. முகூர்த்தத்துக்கு முந்தைய இரவில் எந்தக் கருவியையும் புதுப்பிக்கலாகாது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்படும் பழைய கருவிகளில் இன்னொரு வேறுபாடு மறைந்திருக்கும். பாக்கெட்விஸார்ட் நிறுவனம் அமெரிக்காவுக்காகச் செய்த கருவிகள் 344 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும், ஐரோப்பாவுக்காகச் செய்தவை 433 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும் இயங்குகின்றன. உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இவ்விரு வகைகளும் ஒன்றோடொன்று பேசமாட்டா. உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஒன்றும் மற்றொருவர் ஐரோப்பாவிலிருந்து ஒன்றுமாக வாங்கிவந்தால் இரண்டும் வீணாகும்.

4. மகர்பட்டாவின் வானலை

விவசாயக் குடும்பங்கள் ஏறத்தாழ 400 ஏக்கர் நிலத்தை ஒன்றுசேர்த்து, விற்றுவிட்டு விலகாமல் தாங்களே பங்குதாரர்களாகி உருவாக்கிய நகரியம் மகர்பட்டா. அடுக்குமாடி வீடுகளும், சைபர்சிட்டி என்னும் தகவல் தொழில்நுட்ப வளாகமும், பூங்காக்களும், லட்சுமி லான்ஸ் போன்ற திறந்தவெளி விழாத்திடல்களும் நடைதூரத்துக்குள் அமைந்திருப்பதால், வானலை நெரிசலின் எல்லாப் படிநிலைகளையும் இந்த ஒரே இடத்தில் காணமுடிகிறது.

இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையைக் குறைந்த ஆற்றல் கருவிகள் உரிமமின்றிப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டின் விதிகள் அனுமதித்தன. டிரிகர்கள் மட்டுமன்றி வைஃபை, புளூடூத் ஆகியவையும் இதே பட்டையில் இயங்குகின்றன. மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசியும் அலையும் 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கிறது. வீட்டுக்கு வீடு ரவுட்டர் வைத்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்பிலும், தளத்துக்குப் பல ரவுட்டர்கள் கொண்ட அலுவலகக் கட்டடத்திலும் டிரிகரின் செய்தி இந்தக் கூட்டத்துக்கிடையே நுழைந்து செல்லவேண்டியிருக்கிறது. திறந்தவெளித் திடலில் ரவுட்டர்கள் குறைவெனினும், நூற்றுக்கணக்கான விருந்தினரின் கைப்பேசிகளும் மனித உடல்களும் அங்கே தடையாகின்றன; உடலிலுள்ள நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்கு உறிஞ்சும் என்பதால், காலையில் காலித் திடலில் நடத்திய சோதனை மாலையில் கூட்டம் நிறைந்தபின் செல்லுபடியாவதில்லை.

இந்த நெரிசலைக் கையாள நான்கு வழிகள் பயன்தரும். முதலாவது, சேனல் தேர்வு. வைஃபை ரவுட்டர்கள் பெரும்பாலும் 1, 6, 11 ஆகிய சேனல்களில் அமைக்கப்படுகின்றன. பதினோராம் சேனலின் நடுப்புள்ளி 2462 மெகாஹெர்ட்ஸ், அகலம் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் என்பதால், 2473க்கு மேற்பட்ட சிறு பகுதி ஒப்பீட்டளவில் ஓய்வாக இருப்பதுண்டு. டிரிகரின் சேனல் எண்ணும் வைஃபையின் சேனல் எண்ணும் ஒன்றல்ல என்பதை மனத்திற்கொண்டு, கோடாக்ஸின் எக்ஸ்புரோ போன்ற கருவிகளில் உள்ள ஸ்கேன் வசதியை நிகழ்விடத்திலேயே இயக்கி, அது காட்டும் நெரிசலற்ற சேனலை எடுத்துக்கொள்ளவேண்டும். இரண்டாவது, அடையாள எண். கோடாக்ஸில் 32 சேனல்களோடு 1 முதல் 99 வரையிலான அடையாள எண்ணும் உண்டு. பக்கத்து மண்டபத்தில் வேறொரு குழு அதே கருவியை வைத்திருந்தால், அவர்கள் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் இவர்களின் விளக்கு எரிவதை இது தடுக்கிறது. அடையாள எண் அந்நியச் செய்தியை வடிகட்டுமேயன்றி வானலை நெரிசலைக் குறைக்காது. ஆகவே இரண்டையும் அமைக்கவேண்டும்.

மூன்றாவது, இடமாற்றம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். சுவரிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் குருட்டுப்புள்ளிகள் உலோகச் சட்டங்களும் கண்ணாடிச் சுவர்களும் நிறைந்த சைபர்சிட்டி போன்ற வளாகத்தில் ஏராளம். அத்தகைய புள்ளியில் ரிசீவர் நின்றுவிட்டால், சேனலை மாற்றிக்கொண்டிருப்பதைவிட ஸ்டாண்டை ஒரு கையகலம் நகர்த்துவதே விரைவான மருந்து. ரிசீவர் உலோகக் கம்பத்தின் பின்னால் மறையாமலும், மணமேடையின் இரும்புச் சட்டத்தை ஒட்டாமலும், கூட்டத்தின் தலைமட்டத்துக்குமேல் இருக்குமாறும் நிறுத்தினால் பெரும்பாலான விடுபாடுகள் நின்றுவிடும். நான்காவது, தூர அமைப்பு. மிக அருகிலுள்ள ரிசீவரை வலுவான அலை திணறடிப்பதும் உண்டு. சிறிய அறையில் குழந்தையைப் படமெடுக்கையில் ஃபிளாஷ் கைக்கெட்டும் தொலைவில் நின்றும் எரியாமற்போவதற்கு இதுவே காரணமாகலாம். அதற்காகவே கோடாக்ஸ் டிரான்ஸ்மிட்டர்களில் 0 முதல் 30 மீட்டர், 1 முதல் 100 மீட்டர் என இரு அமைப்புகள் தரப்பட்டுள்ளன. அடுக்குமாடி வீட்டுக்குள் முதலாவதும் திடலில் இரண்டாவதும் ஏற்றவை.

ஃபிளாஷே தன் வானலைக்குப் பகையாவதும் உண்டு. பாக்கெட்விஸார்ட் 2009இல் வெளியிட்ட ஃப்ளெக்ஸ்டிடி5 கருவியைக் கேனனின் 580இஎக்ஸ் இரண்டாம் பதிப்போடு சேர்த்தபோது, அந்த ஃபிளாஷிலிருந்து வெளிப்படும் மின்காந்த இரைச்சல் ரேடியோவின் எட்டும் தூரத்தைக் குறைத்தது. ஃபிளாஷைச் சுற்றி அணிவிக்கும் இரைச்சல் தடுப்பு உறையை அந்நிறுவனம் வழங்கவேண்டிவந்தது. தனித்தனியே நன்றாக இயங்கும் இரு கருவிகள் சேர்ந்தபின் சோதிக்கப்படவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

5. காலக்கணக்கும் கறுப்புப் பட்டையும்

கேமராவின் ஷட்டரில் இரு திரைகள் உண்டு. முதல் திரை விலகிச் சென்றபின் இரண்டாம் திரை மூடத் தொடங்குவதற்கு முன் சென்சார் முழுவதும் திறந்திருக்கும் குறுகிய இடைவெளியிலேயே ஃபிளாஷ் எரியவேண்டும். அந்த இடைவெளி கிடைக்கும் மிக உயர்ந்த வேகம் சிங்க் வேகம் எனப்படுகிறது. பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250 விநாடி. டிரிகர் செய்தியை அடுக்கி, அனுப்பி, பிரித்தறிய எடுத்துக்கொள்ளும் மிகச் சிறு தாமதம் இந்த இடைவெளியைத் தின்றுவிட்டால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது. 1/200 விநாடியில் பட்டை தோன்றினால் 1/160 அல்லது 1/125க்கு இறங்குவதே தீர்வு, டிரிகரை மாற்றவேண்டியதில்லை.

புனேயின் மாலை வெயிலில், திடலில், பின்னணி மங்குமாறு லென்ஸை அகலத் திறந்து எடுக்கும்போது 1/2000 விநாடி தேவைப்படலாம். அங்கேதான் எச்எஸ்எஸ் உண்மையிலேயே தேவை. ஒளி துடிப்புகளாகச் சிதறுவதால் ஆற்றல் பெருமளவு வீணாகி ஃபிளாஷ் விரைவில் சூடேறும் என்பதை அறிந்தே அதனைப் பயன்படுத்தவேண்டும்.

6. கோளாறைக் கண்டறியும் வரிசை

ஃபிளாஷ் ஒருமுறைகூட எரியவில்லை என்றால் வானலையைக் குறைகூறுமுன் கேமராவைப் பார்க்கவேண்டும். மின்னணு ஷட்டரோ ஒலியற்ற முறையோ இயக்கப்பட்டிருந்தால் பெரும்பாலான கேமராக்கள் ஃபிளாஷைத் தடுத்துவிடுகின்றன. கேனனின் டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் லைவ் வியூ ஒலியற்ற முறையில் இருந்தால் பிற நிறுவன ஃபிளாஷ் எரியாது. அடுத்து சேனல், அடையாள எண், ஃபிளாஷ்களைக் குழுக்களாகப் பிரிக்கும் குழு எழுத்து ஆகிய மூன்றும் இருபுறமும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்கவேண்டும். டிரிகரின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் எரிந்து, கேமராவின் பொத்தானை அழுத்தினால் எரியாவிட்டால், கோளாறு வானலையில் இல்லை, ஹாட் ஷூவிலோ கேமராவின் அமைப்பிலோதான் என்று உறுதியாகிறது. இந்த ஒரே சோதனை தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

விட்டுவிட்டு எரிந்தால் பேட்டரி, இருக்கை, நெரிசல் என்ற வரிசையில் தேடவேண்டும். வேகமாகத் தொடர்ந்து எடுக்கும்போது மட்டும் தவறினால், ஃபிளாஷ் மீண்டும் மின்னூட்டம் பெறுவதற்குள் அடுத்த கட்டளை வந்துவிடுகிறது என்று பொருள். ஆற்றலை ஒருபடி குறைத்தால் சரியாகும். நெடுநேர இடைவெளிக்குப்பின் முதல் படம் மட்டும் இருண்டால் காரணம் உறக்கநிலை. டிரிகரிலும் ஃபிளாஷிலும் உறக்கநிலைக்குச் செல்லும் நேரத்தை நீட்டிவைக்கவேண்டும். எரிந்தும் ஒளியின் அளவு படத்துக்குப் படம் மாறினால் அது டிடிஎல்லின் இயல்பே: வெள்ளை வேட்டியும் ஜரிகைப் பட்டும் மாறிமாறிச் சட்டகத்தை நிறைக்கையில் கேமராவின் கணக்கும் மாறுகிறது.

ஆதலால், மராத்தித் திருமணத்தில் மணமக்களுக்கிடையே பிடிக்கும் அந்தர்பாட் திரை விலகி அட்சதை விழும் கணத்துக்கும், தமிழ்த் திருமணத்தில் தாலி கட்டும் கணத்துக்கும் ஒளியின் அளவைக் கலைஞரே வைக்கும் மேனுவல் முறையே தகுந்தது. மணமேடையும் விளக்கும் நகராத நிலையில் ஒளியின் அளவை முன்னரே முடிவுசெய்துவிட்டால், அக்கணத்தில் வானலையில் செல்லவேண்டியது எரிகட்டளை மட்டுமே. கூட்டத்துக்குள் நடந்தபடி, தொலைவு நொடிக்கு நொடி மாற எடுக்கும் வரவேற்புப் படங்களுக்கு டிடிஎல்லைப் பயன்படுத்தலாம். அங்கே ஒரு படம் தவறினால் அடுத்தது கிடைக்கும்.

7. வாங்குமுன்னும் வேலைக்குமுன்னும்

வாங்கச் செல்பவர் தம் கேமராவையும் ஃபிளாஷையும் கடைக்குக் கொண்டுசென்று, மாட்டி, இருபது முப்பது படங்கள் தொடர்ந்து எடுத்து, பிறகு கடையின் வாசல்வரை நடந்து மீண்டும் எடுத்துப் பார்க்கவேண்டும். வரிசைப் பெயரும் தொடர் எண்ணும் குறித்த பில்லும் இந்திய வாரண்டியும் இல்லாத சரக்கு சற்று மலிவாகக் கிடைத்தாலும், பழுதுநீக்கவும் ஃபார்ம்வேர் சிக்கலுக்கு உதவி கேட்கவும் ஆளில்லாமற்போவதால் அந்த மலிவு நிலைப்பதில்லை.

வேலைக்குச் செல்லுமுன் செய்யவேண்டிய ஒத்திகை நிகழ்விடத்திலேயே, விருந்தினர் வரத் தொடங்கியபின், விளக்குகள் இறுதியாக நிற்கப்போகும் இடத்தில் நடக்கவேண்டும். கலைஞர் தாம் நிற்கப்போகும் மிகத் தொலைவான மூலையிலிருந்து ஐம்பது முறை எடுத்துப் பார்த்து, ஒன்றுகூடத் தவறாத சேனலை ஏட்டில் குறித்துக்கொள்ளவேண்டும். ஒரே நகரியத்தில் திரும்பத்திரும்ப வேலைசெய்பவருக்கு அக்குறிப்பேடு நாளடைவில் விலைமதிப்புள்ள வரைபடமாகும். பையில் மாற்று டிரான்ஸ்மிட்டர் ஒன்றும், புதிய பேட்டரிகளும், கம்பிவழி இணைக்கும் சிங்க் கேபிள் ஒன்றும் எப்போதும் இருக்கவேண்டும். எந்த நிறுவனமும் எல்லா இடத்திலும் தவறாத டிரிகரைச் செய்துவிடவில்லை. ஒரே குடும்பத்துக் கருவிகளைச் சேர்த்து, தேவைக்கு மேல் ஒரு கட்டளையும் அனுப்பாமல், அந்த இடத்திலேயே சோதித்துவிட்டு நிற்கும் கலைஞரின் கையில் குறைந்த விலைக் கருவியும் நம்பகமானதாகிவிடுகிறது.